பெட்டியில் எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



சந்தைக்குப் போனால் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறார்கள். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறார்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். இரண்டு ரிங்கிட் காய்க்கே இத்தனை சோதனை. அதே குடும்பம் பிள்ளையின் கணினிக்காக ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரிங்கிட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது எதைச் சோதித்துப் பார்க்கிறது? பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தை மட்டும்தான். அதைத் தவிர வேறு வழியும் இல்லை. உள்ளே இருக்கும் சில்லை ஒடித்துப் பார்க்க முடியாது, தட்டிப் பார்க்கவும் முடியாது. அப்படியானால் அந்த எழுத்து எவ்வளவு உண்மையாக இருக்க வேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

கணினியில் கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு பாகம் உண்டு. வரைகலை அட்டை என்றும் சொல்வார்கள். திரையில் தெரியும் படத்தைக் கணக்கிட்டு வரைந்து கொடுப்பது இதன் வேலை. ஒரு காலத்தில் இது விளையாட்டுப் பிரியர்களின் பொருளாக மட்டுமே இருந்தது. இன்று அப்படியல்ல. அசைவூட்டம் படிக்கும் மாணவர், கட்டட வரைபடம் தயாரிப்பவர், திருமணக் காணொளி தொகுப்பவர், செயற்கை நுண்ணறிவு கற்பவர் என்று பலருக்கும் இது தேவைப்படுகிறது. பல கணினிகளில் மற்ற எல்லாப் பாகங்களையும்விட இதற்குத்தான் விலை அதிகம். தந்தையின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் கார்டுகளும் இருக்கின்றன. ஆகவே, இதில் நடக்கும் தகராறுகளைப் பிள்ளைகளின் விளையாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அரிசி மூட்டையின் அடியில்

இந்த வகைத் தகராறுகளில் உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒன்றை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் 2014 செப்டம்பரில் ஜிடிஎக்ஸ் 970 என்னும் கார்டை வெளியிட்டது. அமெரிக்காவில் அதன் விலை 329 டாலர். அதனுடன் வந்த ஜிடிஎக்ஸ் 980 கார்டின் விலை 549 டாலர். விலையில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும், இரண்டிலும் 4 ஜிபி நினைவகம் இருப்பதாகச் சொல்லப்பட்டது. குறைந்த விலையில் நல்ல கார்டு என்று 970 பெயர் பெற்றது. விற்பனையும் சூடுபிடித்தது.

நான்கு மாதம் கழித்து, 2015 ஜனவரியில் சிலர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். நினைவகப் பயன்பாடு 3.5 ஜிபி வரை தாராளமாக ஏறியது. அதற்கு மேல் ஏற மறுத்தது. சிறு சோதனை நிரல் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது, கடைசி அரை ஜிபி மட்டும் ஆமை வேகத்தில் நகர்வது தெரிந்தது.

கேள்விகள் குவிந்தபின் நிறுவனம் விளக்கம் கொடுத்தது. நினைவகம் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது. 3.5 ஜிபி ஒரு பகுதி, அரை ஜிபி இன்னொரு பகுதி. முதல் பகுதியில் தரவு விநாடிக்கு 196 ஜிகாபைட் வேகத்தில் ஓடும். இரண்டாவது பகுதியில் 28 ஜிகாபைட் வேகம்தான். அதாவது ஏழில் ஒரு பங்கு. விளம்பர விவரத்திலோ 224 என்ற ஒற்றை எண்தான் இருந்தது. இரண்டையும் கூட்டினால் அந்த எண் வருகிறது. ஆனால் கார்டின் வேலை அந்தக் கூட்டுத்தொகையின் வேகத்தில் எப்போதும் நடப்பதில்லை.

இதன் காரணத்தை நெடுஞ்சாலை டோல் சாவடியை வைத்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். எட்டு வழிகள் கொண்ட ஒரு சாவடி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு கூண்டு. 970 கார்டில் ஒரு கூண்டை மூடிவிட்டார்கள். ஆனால் எட்டாவது வழியை மூடவில்லை. அந்த வழியில் வரும் வாகனங்கள் பக்கத்து வழியின் கூண்டில் போய்க் கட்டணம் செலுத்த வேண்டும். இதனால் இரண்டு வழியும் நெரிசலாகிவிடும் அல்லவா? அதைத் தவிர்க்கத்தான் எட்டாவது வழியைத் தனியாகப் பிரித்து, அவசியம் வந்தால் மட்டும் திறப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். பொறியியல் நோக்கில் இது தவறான ஏற்பாடு அல்ல. அந்த வழியை அடியோடு மூடியிருந்தால் அரை ஜிபி முற்றாகப் போயிருக்கும்.

தவறு வேறு இடத்தில் இருந்தது. வாங்குபவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. அதோடு, விமர்சகர்களுக்குக் கொடுத்த விவரத் தாளில் இரண்டு எண்கள் நேரடியாகவே தவறாக இருந்தன. படப்புள்ளிகளைக் கடைசியாக எழுதி முடிக்கும் 'ரோப்' என்ற பகுதிகள் 64 இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் இருந்தவை 56. எல்-2 கேஷ் என்னும் விரைவு நினைவகம் 2 எம்பி என்று எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அது 1.75 எம்பி. பொறியாளர்களுக்கும் விளம்பரப் பிரிவினருக்கும் இடையில் தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். தலைமை நிர்வாகி ஜென்சன் ஹுவாங் 2015 பிப்ரவரியில் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒப்புக்கொண்டு, இனி இப்படி நடக்காது என்று உறுதி கூறினார்.

பத்து கிலோ அரிசி மூட்டை ஒன்றை வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எட்டே முக்கால் கிலோ வரை முதல் தர அரிசி. அடியில் ஒன்றேகால் கிலோ நொய். தராசில் வைத்தால் பத்து கிலோ சரியாகவே காட்டும். கடைக்காரர் எடையில் ஏமாற்றவில்லை. ஆனால், 'முதல் தர அரிசி, பத்து கிலோ' என்று மூட்டையில் எழுதியிருந்தால் அது உண்மையாகுமா? 970 கார்டைப் பற்றிய வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

இரு பக்க வாதமும் தீர்வும்

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கார்டு வெளிவந்தபோது பல விமர்சகர்கள் அதை விளையாட்டுகளில் ஓட்டி வேகத்தை அளந்திருந்தார்கள். விவரத் தாளில் எண் மாறியதால் அந்த வேகம் மாறிவிடவில்லை. நேற்று ஓடிய கார்டு இன்றும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது, பிறகு என்ன நட்டம் என்று கேட்டவர்கள் உண்டு.

வாங்கியவர்களின் பதில் இது: கிராபிக்ஸ் கார்டை இன்றைய வேலைக்காக மட்டும் யாரும் வாங்குவதில்லை. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு உழைக்க வேண்டும் என்று எண்ணித்தான் பணத்தைப் போடுகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு விளையாட்டுகளும் மென்பொருள்களும் கூடுதல் நினைவகம் கேட்கின்றன. இன்று தொடாத அந்த அரை ஜிபியை நாளை தொட வேண்டி வரும். தவிர, முழு விவரமும் தெரிந்திருந்தால் சிலர் வேறு கார்டை வாங்கியிருப்பார்கள், சிலர் இதையே வாங்கியிருப்பார்கள். தெரிந்து முடிவு செய்யும் அந்த உரிமை பறிபோனதே நட்டம்.

2015 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்கு பதிவானது. பாதிக்கப்பட்ட பலரின் சார்பில் சிலர் தொடுக்கும் கூட்டு வழக்கு அது. அவ்வகைக் கார்டைத் தயாரித்து விற்ற ஜிகாபைட் நிறுவனமும் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டது. 2016-ல் சமரசம் ஏற்பட்டது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் கொடுக்க இணங்கியது. வழக்கறிஞர்களுக்கு 13 லட்சம் டாலர் என்று ஏற்பாடானது.

விலையில் எட்டில் ஒரு பங்கு என்று கணக்கிட்டால் அந்த அரை ஜிபியின் மதிப்பு 41 டாலர் வருகிறது. கிடைத்தது 30. அதுவும் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். அதே கார்டை, அதே பெட்டியோடு, அதே எழுத்தை நம்பிக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வாங்கியவருக்கு அந்தச் சமரசத்தில் ஒரு காசு கிடையாது. ஒரு நாட்டு நீதிமன்றத்தின் தீர்வு அந்த நாட்டு எல்லையோடு நின்றுவிடும். இதைப் பயனீட்டாளர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரவர் உரிமையை அவரவர் நாட்டுச் சட்டத்தில்தான் தேட வேண்டும்.

ஒரே பெயர், வெவ்வேறு சரக்கு

970-உடன் இந்தக் கதை முடிந்துவிடவில்லை. எண் சரியாக இருந்து பெயரே ஏமாற்றும் சம்பவங்களும் உண்டு.

ஜிடி 1030 என்னும் மலிவு விலைக் கார்டு 2017-ல் வந்தது. அடுத்த ஆண்டில் அதே பெயரில் இன்னொரு வகை வந்தது. இரண்டிலும் 2 ஜிபி நினைவகம். ஆனால் பழையதில் இருந்தது ஜிடிடிஆர்5 வகை, புதியதில் டிடிஆர்4 வகை. பழையதன் நினைவக வேகம் விநாடிக்கு 48 ஜிகாபைட். புதியதன் வேகம் ஏறக்குறைய 17 ஜிகாபைட். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பெட்டியில் அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காதவர் பழைய கார்டின் விமர்சனத்தைப் படித்துவிட்டுப் புதிய கார்டை வாங்கி வந்துவிடுவார்.

2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று 16 ஜிபி, மற்றொன்று 12 ஜிபி. நினைவகத்தில் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் கணக்கிடும் உள்ளகங்கள் ஒன்றில் 9,728, மற்றொன்றில் 7,680. பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ஒரு மாதத்திற்குள், அக்டோபர் 14-ஆம் தேதி, பெயர் குழப்பம் தருவதாக நிறுவனமே ஒப்புக்கொண்டு 12 ஜிபி கார்டின் வெளியீட்டைக் கைவிட்டது. 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்ற வேறு பெயரில், முதலில் சொன்ன 899 டாலருக்குப் பதிலாக 799 டாலருக்கு வந்தது. 970 வழக்கில் ஓராண்டுக்கு மேல் போராடிக் கிடைத்தது 30 டாலர். இங்கே விற்பனைக்கு முன்பே குரல் எழுப்பியதால் விலையில் குறைந்தது 100 டாலர். எந்த நேரத்தில் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

மடிக்கணினி வாங்குவோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினிச் சில்லை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் இயங்கும்படி தயாரிப்பாளர்கள் அமைக்கலாம். கடையில் இரண்டு மடிக்கணினிகளிலும் ஒரே ஒட்டுவில்லைதான் இருக்கும். வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

2025 பிப்ரவரியில் வேறு வகைச் சம்பவம் ஒன்று நடந்தது. ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு வாங்கிய சிலர், 176 இருக்க வேண்டிய ரோப் பகுதிகள் தங்கள் கார்டில் 168 மட்டுமே இருப்பதைக் கண்டார்கள். அமெரிக்காவில் 1,999 டாலர் என்று விலை அறிவிக்கப்பட்ட கார்டு அது. 5070 டிஐ, 5080 கார்டுகள் சிலவற்றிலும் இதே குறை தெரிந்தது. இது உற்பத்திக் கோளாறு, பாதிக்கப்பட்டவை அரை விழுக்காட்டுக்கும் குறைவு, வேகத்தில் சராசரி 4 விழுக்காடு குறையும், கார்டைத் தயாரித்த நிறுவனத்திடம் மாற்றிக்கொள்ளலாம் என்று என்விடியா அறிவித்தது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்த சாதாரணப் பயனீட்டாளர்களே கண்டுபிடித்தார்கள். ஓட்டிப் பார்க்காதவர்களில் சிலர் குறையுள்ள கார்டையே இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, முழுப் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. பழைய கார்டின் உள் நிரலை மாற்றி எழுதி, புதிய கார்டின் பெயரைக் காட்ட வைத்து விற்பார்கள். கணினி கூட ஏமாந்து அந்தப் பெயரையே காட்டும். இணையச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கார்டுகளில் இந்த ஆபத்து அதிகம். 2018 முதல் ஜிபியு-இசட் மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றை அடையாளம் காட்டுகிறது.

சட்டம் கொடுத்திருக்கும் கைத்தடி

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளின் தரம், அளவு, உள்ளடக்கம், வகை பற்றிப் பொய்யாகவோ தவறான எண்ணம் தரும்படியோ விவரம் கூறுவதை அதன் 10-ஆவது பிரிவு தடை செய்கிறது. பொருள் அதன் விவரிப்புக்கு ஏற்ப இருக்கும் என்பது விற்பனையோடு தானாகவே சேர்ந்து வரும் உத்தரவாதம் என்கிறது 34-ஆவது பிரிவு. கடைக்காரர் அப்படி ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதி ஒட்டினாலும் சட்டம் தந்த இந்த உரிமை போய்விடாது.

கடைக்காரர் பேச்சுக்கு இணங்கவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கைத் தொகையின் உச்சவரம்பு முன்பு 25 ஆயிரம் ரிங்கிட்டாக இருந்தது. 2019-ல் அது 50 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. பொதுவாக இங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. அதனால் பெரிய நிறுவனம் பெரிய வழக்கறிஞரோடு வந்து மிரட்டும் என்ற பயம் வேண்டாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மன்றத்தின் உத்தரவைக் குறித்த காலத்துக்குள் நிறைவேற்றாமல் விடுவது குற்றம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இந்தச் சட்டம் சொந்த உபயோகத்துக்காக வாங்கியவருக்கானது. வணிகத்துக்காகப் பத்து கார்டு வாங்கியவர் இந்த வாசலில் நுழைய முடியாது.

சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20 ஆயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. இரு தரப்பும் சம்மதித்தால் 30 ஆயிரம் வரை போகலாம். இரண்டு ஆண்டுக் கால வரம்பு உண்டு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறையுள்ள பொருள்களுக்கான சட்டத்தின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஆரம்பத்திலேயே இருந்த குறை என்றே பொதுவாகக் கருதப்படும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது.

வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

சட்டம் கைத்தடிதான். நடக்க வேண்டியது பயனீட்டாளர். நடுவர் மன்றத்தில் கோபத்துக்கு இடமில்லை, சான்றுக்குத்தான் இடம். ஆகவே சில பழக்கங்கள் தேவை.

கார்டின் முழுப் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். எத்தனை ஜிபி என்பதோடு நின்றுவிடாமல், எந்த வகை நினைவகம், அதன் பாதை எத்தனை பிட் அகலம் என்றும் கேட்க வேண்டும். மடிக்கணினி என்றால் கிராபிக்ஸ் சில்லுக்கு எத்தனை வாட் என்று கேட்க வேண்டும். ரசீதில் 'கிராபிக்ஸ் கார்டு ஒன்று' என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளக் கூடாது. முழு மாடல் பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும். இணையத்தில் வாங்குவோர், விற்பனையாளரின் விளம்பரப் பக்கத்தை அன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கம் நாளை மாறலாம், படம் மாறாது. பெட்டியைத் திறப்பதையும் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சோதனை மென்பொருளை ஓட்டி, அது காட்டும் எண்களைத் தயாரிப்பாளரின் அகப்பக்க விவரத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் முதலில் கடைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்ப் பேச்சு காற்றோடு போய்விடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த எண்கள் புரியவில்லை என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ரோப் என்றால் என்ன, கேஷ் என்றால் என்ன என்று தெரியும். ஆனால் ரசீதைப் பத்திரப்படுத்தவும், கடைக்காரரிடம் நிதானமாகப் பேசவும், புகார் எழுதவும் பெரியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வழக்கு நிற்கும். கார்டைப் பொருத்தியதும் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து, 'பெட்டியில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா, காட்டு' என்று கேளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

2015-ல் உலகின் பெரிய நிறுவனம் ஒன்றை விளக்கம் கொடுக்க வைத்தவர்கள் அதிகாரிகளோ நீதிபதிகளோ அல்லர். தாங்கள் வாங்கிய பொருளைத் தாங்களே அளந்து பார்த்த சாதாரண வாடிக்கையாளர்கள். கணக்கு உதைக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. தட்டிப் பார்க்கும் கருவிதான் புதிது.